அந்தச் சந்தாவை நான் கட்டவில்லை

கோபி, அப்பா எழுதுகிறேன். சுகம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இந்த முறை அதைக் கேட்க எனக்கு முகமில்லை. போன கிழமை நீ இணையத்தில் எழுதியதை ஊர் உலகமெல்லாம் வாசித்துவிட்டது. சந்தைக்குப் போனால் மீன்காரன் கேட்கிறான், சலூனுக்குப் போனால் தலைமயிர் வெட்டுகிறவன் கேட்கிறான். அதனால் நான் எழுதுவதையும் அதே இணையத்தில் ஊர் உலகம் வாசிக்கட்டும். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுச் சுமதி எழுதுகிறாள். ரீச்சர் அல்லவா, என் கதையைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாள். விஷயம் என்னவென்று சொன்னவுடனேயே பேனையைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, இதைத் தனிய போனில அவனோட கதைச்சாக் காணாதோ?" என்று கேட்டாள். காணாது. நீ அந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் எனக்குத் தனியாக அனுப்பவில்லையே, மகன். எல்லாருக்கும்தானே போட்டாய்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னுடைய வழக்கப்படி சுற்றி வளைத்துக்கொண்டு போனாலும் நீ கோபப்பட மாட்டாய். காருக்கு வருஷா வருஷம் கட்டுகிற அந்தச் சந்தாக் காசை நான் கட்டவில்லை. கார்க் கம்பனிக்கும் கட்டவில்லை, அங்கிருந்து போனில் கதைத்த அந்தப் பிள்ளை சொன்ன கணக்கிலும் போடவில்லை. அவள் எனக்கு எந்தக் கணக்கு நம்பரும் சொல்லவேயில்லை. அவள் ஒரு சதம் எடுக்கவில்லை. எடுத்தாள் என்று உனக்குச் சொன்னவன் நான். அது பொய்.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன். "இந்த மனிசன் உப்பு வாங்கப் போன கதையைச் சொன்னாலும் உப்பளத்தில இருந்துதான் தொடங்கும்" என்று அம்மா சொல்லுவா. அப்படித்தான் தொடங்கப் போகிறேன். கார் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும், நீ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் அப்படியொரு புதுக் கார் அதற்கு முன் வந்ததில்லை. காளி கோயிலில் பூசை முடித்து, நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, மாலையோடு கொண்டுவந்து நிற்பாட்டினேன். கொழும்பில் இருந்து காரைக் கொண்டுவந்த தம்பி எல்லாவற்றையும் விளக்கினான். காருக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறதாம். கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, கதவு பூட்டியிருக்கிறதா என்று கனடாவில் இருக்கிற உனக்கு உன்னுடைய போனிலேயே தெரியுமாம். கண்ணாடிக்கு மேலே ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தால் சிவப்புப் பொத்தான். வழியில் ஏதும் நடந்தால் அதை அமத்தினால் போதும், கொழும்பில் ஆள் இருந்து கதைக்கும், கார் நிற்கிற இடத்துக்கே ஆம்புலன்ஸை அனுப்பும். முதல் வருஷம் இலவசம், பிறகு வருஷம் நாற்பத்தையாயிரம் ரூபாய். அவன் சொல்லி முடிக்க முன்னமே நீ அங்கிருந்து லைட்டைப் போட்டுக் காட்டினாய், ஹோனையும் அடித்தாய். ஒழுங்கைச் சனம் முழுக்கக் கை தட்டியது. முன்வீட்டு மணியம் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எல்லாம் சரி, அண்ணை பிரேக்கைப் பிடிக்க மறந்தா தம்பி அங்க இருந்து பிடிப்பானோ?" என்றான். அம்மா அவனை முறைத்தா. "என்ர பிள்ளை பிடிப்பான்" என்றா.

அந்தக் காரில் அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் பிடிக்காது. ஸ்ராட் பண்ணியவுடன் ஒரு பெண்குரல் எங்கே போகப் போகிறீர்கள் என்று இங்கிலிஷில் கேட்கும். எங்கள் வீட்டில் படி இறங்கி வெளிக்கிடுகிற ஆளை அப்படி ஒருவரும் கேட்க மாட்டோம், அபசகுனம். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் "தூரமோ?" என்று கேட்போம், "இல்லை, கிட்டத்தான்" என்று பதில் வரும், அதற்கு மேல் ஒருவரும் தோண்டுவதில்லை. உனக்குத் தெரியாததல்ல. அந்தக் குரல் கேட்டவுடன் அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "சனியன், படி இறங்கேக்க எங்க எண்டு கேக்குது. இதை வளத்தவை ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லையோ?" என்பா. பிறகு ஆளுக்குச் சொல்லுகிற மாதிரிக் காருக்குப் பதில் சொல்லுவா: "கிட்டத்தான்!"

நான் சிரிப்பேன். ஆனால் எனக்கு அது சிரிப்பில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். ஒரு நாள் நீ போன் எடுத்தாய். நான் அன்றைக்குப் பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்க்கப் போய் வந்திருந்தேன். "அப்பா, சீனன்குடாவில என்னத்துக்கு முக்கால் மணித்தியாலம் நிண்டனீங்கள்?" என்றாய். நீ அன்பாகத்தான் கேட்டாய், வேலைக்கு நடுவில் எங்களை நினைத்துப் பார்த்திருக்கிறாய். "சும்மா, மகன்" என்றேன். "சும்மா எண்டா? அங்கால தடை செய்த இடமெல்லாம் இருக்கு. கண்ட கண்ட இடத்தில நிப்பாட்டாதேங்கோ." அதற்குள் அம்மா குசினியில் இருந்து சத்தம் போட்டா. "கொப்பர் வடை தின்ன நிண்டிருப்பார் தம்பி! சீனி வருத்தக்காரனுக்கு வழியில வடை கேக்குது. எனக்குத் தெரியாமத் திண்டதை நீ கனடாவில இருந்து பிடிச்சிட்டாய்!" நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எழும்பிப் போய், வாசல் படலை பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தா. ஏன் பார்த்தேன் என்று தெரிந்த ஒரே ஆள் அவதான். இனி உனக்கும் தெரியட்டும்.

நீ தவழ்கிற காலம். நான் ஹையர் வான் ஓடினேன், பட்டினத்தில் இருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி வரைக்கும். ஒரு ரேடியோ திருத்துகிறவர் என் வானில் கிழமையில் மூன்று நாள் வருவார். பெயரை எழுதவில்லை, அவருடைய மனைவி இன்னும் இருக்கிறா. நல்ல பகிடிக்காரன். வானில் பாட்டுப் பெட்டி பழுதானால் காசு வாங்காமல் திருத்தித் தருவார், "அண்ணை, உங்கட வானில ஒழுங்கா வேலை செய்யிறது இது ஒண்டுதான்" என்பார். ஒரு நாள் பகல் அவரை இறக்கக்கண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறேன், மூன்று பேர் வானை மறித்தார்கள். யார் என்று இப்போது சொல்லி ஒருவருக்கும் பிரயோசனமில்லை. அந்த நாட்களில் வானை மறிக்கிறவர்கள் பலர். "ரேடியோக்காரனை எங்க இறக்கினனீ?" என்று கேட்டார்கள். "பாலத்தடியில" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "அங்கால கிணத்தடி ஒழுங்கையால போனவர்" என்று கையையும் நீட்டிக் காட்டினேன். அவர்கள் எனக்கு அடிக்கவில்லை. வெருட்டவுமில்லை. மரியாதையாகக் கேட்டார்கள், நான் மரியாதையாகச் சொன்னேன். அடித்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு சாட்டு இருந்திருக்கும்.

அவர் பிறகு வரவில்லை, மகன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அவருடைய மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் படலையில் வந்து நின்றா. "அண்ணை, அவரை எங்க இறக்கினனீங்கள்?" "பாலத்தடியில, பிள்ளை." "வேற ஆரும் அவரைத் தேடிக் கேட்டவையோ?" "இல்லை" என்றேன். அவவுக்கு அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. அவ குடிக்காமல் போனா. அன்றைக்கு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ என்னை ஏசவில்லை. "இனிமேல் ஆர் எங்க போறாங்கள் எண்டு உங்கட வாயில வரக்கூடாது" என்று மட்டும் சொன்னா. வரவில்லை. பிறகு எத்தனையோ வருஷம் வான் ஓடினேன், யார் கேட்டாலும் "எனக்குத் தெரியாது, நான் முன்னுக்குப் பாத்து ஓடுறவன்" என்பேன். அதில் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. போன பாதையால் திரும்பி வர மாட்டேன். சண்டை முடிந்து இத்தனை காலமாகியும் அது போகவில்லை. நீ லீவில் வந்தபோது, "என்னப்பா, நேர் றோட்டை விட்டிட்டு ஒழுங்கைக்குள்ளால சுத்திறியள்?" என்று கேட்டாயே, அது இதுதான்.

இப்போது விளங்குகிறதா? ஆரும் கேட்காமலே, நான் எங்கே போனேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு வாகனத்துக்குள் நான் ஏறி இருந்தேன். அது உனக்குத்தான் சொல்லுகிறது, என் பிள்ளைக்குத்தான் சொல்லுகிறது என்று ஆயிரம் தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை. நீ என் போனிலும் அப்படி இடம் காட்டுகிறதைப் போட்டுவிட்டாய் என்று தெரிந்த பிறகு, வெளிக்கிடும்போது போனை அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினேன். வீட்டில் இருந்ததே அந்த ஒரு போன். இதையெல்லாம் உன்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். "மகன், எனக்கு இது ஏலாது, இன்ன காரணம்" என்று சொல்லியிருந்தால் நீ நிற்பாட்டியிருப்பாய், அல்லது அந்தச் சிவப்புப் பொத்தானை மட்டும் வைத்துக்கொள்ள ஏதும் வழி பார்த்திருப்பாய். சொல்ல வேண்டுமென்றால் ரேடியோக்காரன் கதையைச் சொல்ல வேண்டும். உன்னுடைய கண்ணில் நான் நல்ல மனுஷன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

இலவச வருஷம் முடிகிற மாசம் அந்தப் பிள்ளை கொழும்பில் இருந்து எடுத்தாள். கார் என் பெயரில் இருந்ததால் எனக்குத்தான் எடுத்தாள். நல்ல தமிழ், கதையில் மலைநாட்டுப் பிள்ளை என்று தெரிந்தது. "ஐயா, இந்த மாசத்தோட உங்க ஃப்ரீ முடியுதுங்க. ரினியூ பண்ணிக்கிறீங்களா?"

"தேவையில்லைப் பிள்ளை."

"ஐயா, கட்டலைன்னா செவப்பு பட்டன் வேலை செய்யாதுங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்கு தெரியாது. வீட்டுல யாருகிட்டயாச்சும் கேட்டுட்டு சொல்றீங்களா? நான் நாளைக்கு எடுக்கவா?"

"ஐம்பது வருஷம் வாகனம் ஓடினவனுக்குப் பொத்தான் என்னத்துக்குப் பிள்ளை?"

அவள் சிரித்தாள். "எங்க அப்பாவும் இப்புடித்தாங்க ஐயா சொல்லுவாரு. அவரு ஓட்டுறது ஆட்டோ. சரிங்க ஐயா, பாத்து ஓட்டுங்க." சொன்னபடியே அடுத்த நாளும் எடுத்தாள். அதே பதிலைச் சொன்னேன். ஆக, அவள் எனக்கு விளக்கம் சொல்லவில்லை என்று நீ எழுதியதும் சரியில்லை. இரண்டு தரம் விளக்கினாள், பொறுமையாக, எனக்கு விளங்குகிற தமிழில்.

நீ அனுப்பிய காசில் முன் ரயர் இரண்டும் மாற்றினேன். அது போதாமல் என்னுடையதையும் கொஞ்சம் போட்டேன். வாகனத்துக்குக் காசு செலவழிப்பதென்றால் ரயருக்குச் செலவழி என்பது எனக்குத் தெரிந்த படிப்பு. "கட்டீட்டீங்களோ அப்பா?" என்றாய். "ஓம், கட்டியாச்சு" என்றேன். பிறகு ஒரு நாள், "ஆப்பில கார் காட்டுதில்லையே?" என்றாய். "இஞ்ச கவரேஜ் சரியில்லை மகன். கம்பனிக்குச் சொல்லியிருக்கிறன், பாக்கினமாம்." அம்மாவுக்கும் அதே பொய். "கட்டீட்டன்" என்றேன். அவ நம்பினா. நம்பாமல் விட அவவுக்கு நான் அதுவரைக்கும் ஒரு காரணமும் கொடுத்ததில்லை.

அந்த நாள். இறக்கக்கண்டியில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில், அவவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. பகல் சாப்பாடு முடிந்து வெளிக்கிட்டோம். நேர் றோட்டால் வந்திருந்தால் பஸ், ஓட்டோ, சனம் என்று ஆயிரம் போக்குவரத்து. நான் போன பாதையால் திரும்பாதவன். பற்றைக்காட்டுக்குள்ளால் போகிற மண் பாதையில் விட்டேன். அம்மா பின்னுக்கிருந்து, "வெயிலுக்க இந்தக் காட்டுக்குள்ளால என்னத்துக்கு?" என்றா. அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு வளைவில் மாடுகள் குறுக்கே வந்தன. காரை வெட்டித் திருப்பினேன். மணல் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்துக்குள் விட்டு மரத்தோடு அடித்தது. என் வலது கால் கீழே சிக்கிவிட்டது, அசைக்கக்கூட ஏலாது. அம்மாவில் வெளியே ஒரு காயமும் இல்லை. ஒரு துளி இரத்தமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்கொண்டுமில்லை, உங்கட காலைப் பாருங்கோ" என்றா. உள்ளுக்குள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் அறியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவவின் முகம் வெளுத்தது. "இஞ்சேருங்கோ, அந்தச் சிவப்பை ஒருக்கா அமத்துங்கோ" என்றா. கோபி, அது வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். அவ என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அமத்தினேன். ஒரு குரல் வந்தது, பதிவு பண்ணின குரல். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு இங்கிலிஷில். உங்கள் சேவை தற்போது நடைமுறையில் இல்லை என்றது. அம்மாவுக்குக் காது இரைந்துகொண்டிருந்திருக்கவேண்டும். "என்னவாம்?" என்று கேட்டா.

"ஆள் வருதாம்" என்றேன்.

"அப்ப சரி." சீற்றில் தலையைச் சாய்த்தா. "தம்பிக்கும் தெரிஞ்சிருக்கும், என்ன? அவன் பாத்துக்கொண்டிருப்பான்."

"ஓம். பாத்துக்கொண்டிருப்பான்."

"அவனுக்கு அங்க இப்ப விடியேல்லையெல்லோ. பிள்ளை பதறப்போறான்." பிறகு, குசினியில் மீன் சட்டியை மூடாமல் வந்துவிட்டதைப் பற்றிச் சொன்னா, பூனை உருட்டப் போகிறது என்றா. பிறகு இன்னொரு தரம் அமத்தச் சொன்னா. அமத்தினேன். மூன்று பாஷையிலும் அந்தக் குரல் திரும்பவும் சொன்னது. "கிட்டத்தில வந்திட்டினமாம்" என்றேன். நான் ஹோனை அடித்தேன், கத்தினேன், காலை இழுத்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஆகியிருக்கும், மாடுகளைத் தேடிக்கொண்டு ஒரு மனுஷன் சைக்கிளில் வந்தான். அவனிடமும் போன் இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரம் அம்மாவுக்கு நினைவில்லை. டொக்டர் என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "கொஞ்சம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம்" என்றார்.

நீ ஓடி வந்தாய். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்த என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். பிறகு கேட்டாய். "அப்பா, பட்டனை அமத்தினீங்கள்தானே?" ஓம் என்றேன். அது உண்மை. "அப்ப ஏன் வரேல்லை? காசு கட்டினீங்கள்தானே?" ஓம். "ஆரிட்ட?" செத்த வீட்டில் நாலு சனம் சுற்றி நிற்கிறது. அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. "போனில கதைச்ச பிள்ளை ஒரு கணக்குச் சொன்னது, அதுக்குப் போட்டனான்" என்றேன். "சிலிப்?" "இந்தச் சந்தடியில துலைஞ்சு போச்சு மகன்." அந்த வசனங்கள் என் வாயில் இருந்து எப்படி அவ்வளவு ஒழுங்காக வந்தன என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நீ கம்பனியோடு சண்டை பிடித்தாய். அவர்கள் காசு வரவில்லை என்றார்கள். அவள் என்னோடு போனில் கதைத்த பதிவு மூன்று மாசத்துக்கு மேல் இருக்காதாம், அழிந்துவிட்டதாம். அப்போதும் நான் பேசாமல் இருந்தேன். நீ கனடாவுக்குத் திரும்பிப் போய், அவளுடைய பெயரைத் தேடி, படத்தைத் தேடி, "என் அம்மாவின் உயிரைத் திருடியவள்" என்று எழுதினாய்.

நாலு நாளைக்கு முன் அவள் எனக்கு எடுத்தாள். "ஐயா, ஞாபகம் இருக்குங்களா என்னைய?" குரலில் முந்தின சிரிப்பு இல்லை. "என்னைய வேலைக்கு வரவேணாம்னு சொல்லிட்டாங்க ஐயா. வெசாரணை முடிஞ்சு பொலிசுல குடுப்பாங்களாம். எங்க தோட்டத்து லயத்துல எல்லாரும் அதைப் பாத்துட்டாங்க, அப்பா ஆட்டோவ எடுத்துட்டு வெளிய போக மாட்டேங்கிறாரு. நான் உங்ககிட்ட கணக்கு நம்பர் குடுத்தேனா ஐயா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." நான் போனைக் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன். "ஐயா? கேக்குதுங்களா?" என்றாள். போனை வைத்துவிட்டேன். ஆம், வைத்துவிட்டேன். வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தபடியே இருந்தேன். ரேடியோக்காரனின் மனைவி படலையில் நின்று கேட்டபோதும் நான் இப்படித்தான் மறைத்தேன், எனக்கு அப்போது வயது குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்குப் பக்கத்தில் இருந்து என்னைக் காப்பாற்ற அம்மா இருந்தா.

இந்த இடத்தில் சுமதி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாமா, இது வெளியில வந்தா ஊரில ஒருத்தரும் உங்கட முகத்தைப் பாக்காயினம்" என்றாள். "எழுது பிள்ளை" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள். பாவம், இவளுக்கும் அம்மா ஒரு தாய் மாதிரித்தான்.

உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இனி இல்லை. ஆனாலும் தகப்பன் என்ற பழக்கம் விடுகிறதில்லை. உன் மூத்தவள் கார் ஓடப் பழகுகிறாள் என்றாய், அவளுடைய காருக்கும் இந்தச் சேவை எடுக்கப் போவதாகச் சொன்னாய். எடு மகன். காசைப் பார்க்காதே, தவறாமல் கட்டு. நான் அந்தப் பள்ளத்துக்குள் இருந்து சொல்லுகிறேன், அந்தப் பொத்தானுக்கு விலை இல்லை. ஆனால் எடுக்க முன்னம் அவளோடு இருந்து கதை. "உனக்கு இது பாரமோ?" என்று கேள். அவள் எங்கேயாவது அரை மணித்தியாலம் நின்றால் உடனே எடுத்து ஏன் நின்றாய் என்று கேட்காதே. கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைகளும் பொய் சொல்லப் பழகும், கிழவர்களும் பழகுவார்கள். அதோடு, ஒருவர் பெயரை ஊருக்கு முன்னால் தூக்கிப் பிடிக்க முன்னம் மற்றப் பக்கத்தையும் ஒரு தரம் கேள், சொல்லுகிறவன் உன் அப்பனாக இருந்தாலும்.

நாளைக்குக் காலமை பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன். சுமதியின் புருஷன் கூட வருகிறான், கால் இன்னும் சரியாக ஊன்ற ஏலாது. ரயர்க் கடை பில் இருக்கிறது, பாங்குப் புத்தகம் இருக்கிறது. நீ அனுப்பிய காசு எந்த நாள் வந்தது, எந்த நாள் எடுத்தேன், எந்த நாள் ரயர் போட்டேன் என்று மூன்றும் பொருந்தும். அந்தக் கம்பனிக்காரர் முன்னால் வைத்து, கட்டச் சொல்லி இரண்டு தரம் கேட்ட பிள்ளையிடம் நான்தான் வேண்டாம் என்றேன், கணக்கு நம்பர் என்பது என்னுடைய பொய் என்று சொல்லிக் கையெழுத்து வைக்கப் போகிறேன். பொலிசில் சொல்லச் சொன்னால் அங்கேயும் சொல்லுவேன். ஆனால் அது ஒரு அறைக்குள் நாலு பேருக்குத்தான் கேட்கும். நீ எழுதியதோ எங்கெல்லாம் போயிருக்கிறதோ தெரியாது, அதைத் திருப்பிக் கூப்பிட உன்னால்தான் ஏலும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ கோபப்படுவாய். எனக்கு எடுத்து ஏசுவாய், அல்லது எடுக்கவே மாட்டாய். அம்மா கடைசியாக நம்பினது உன்னைத்தான், நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடினா. உன்னைப் பார்க்க விடாமல் மறைத்தவன் நான். அதை நீ எப்படிப் பொறுப்பாய் என்று எனக்குத் தெரியாது, பொறு என்று கேட்கவும் மாட்டேன். அதை நீ ஆறுதலாக யோசி, மாசக் கணக்கில் யோசி. இதை மட்டும் யோசிக்காதே. இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கிற கையோடு அந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் எடுத்துவிடு. எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரைப் போடு.

அப்பா